நீல ஆட்டுக் கிரகம்

சிரித்து முடித்தாயிற்றா? முடித்திருந்தால் இதைப் படியுங்கள். நேற்று நம்ம பள்ளிக்கூட குரூப்பில் வாத்தியார் மகன் அனுப்பிய வீடியோவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். யாரோ ஒரு பையன் தமிழில் வந்த மட்டமான மாயாஜாலப் படங்களுக்குப் பட்டியல் போட்டு, நம்ம ஊர்ப் பக்கம் எடுத்த அந்த வேற்றுக்கிரகப் படத்துக்கு முதலிடம் கொடுத்திருந்தான். வெள்ளி பூசிய முகத்தோடு ஒரு ராணி, மடியில் நீல நிற ஆட்டுக்குட்டி. ராணியின் உடுப்பில் நெஞ்சுப் பக்கம் ஈரக் கறை. அந்தக் கறையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, "டிரெஸ்ஸில் டீ கொட்டினதைக்கூட கவனிக்காம எடுத்திருக்காங்க பாருங்க" என்றான். குரூப்பில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசை கட்டிவிட்டன.

நான் ஒரே வரிதான் போட்டேன். நான் பார்த்த வேற்றுக்கிரகப் படங்களிலேயே உசத்தி அதுதான் என்று. அதற்கும் சிரித்தீர்கள். மருந்துக்கடைக்காரி மட்டும், "உனக்கு வயசாயிட்டுட்டி, போய் ரெஸ்ட் எடு" என்று ஆறுதல் சொன்னாள்.

வயசானது உண்மைதான். ஆனால் இந்த வகைப் படங்களில் என் அபிப்பிராயம் எந்த வயசிலும் விலை போனதில்லை. சென்னையில் மகள் வீட்டில் சுவர் அகல டிவி இருக்கிறது. ஆறு சீசன், ஏழு சீசன் என்று ஓடும் தொடர்களை நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த நட்சத்திர ராஜ்ஜியங்களில் ஒருத்தராவது தண்ணீர் எடுக்கப் போய் நான் பார்த்ததில்லை. அத்தனை பெரிய கப்பலில் ஒரு குடம் கிடையாது. கம்ப்யூட்டரில் செய்த மிருகம் மாடி உயரம் நிற்கிறது, உறுமுகிறது. அது எங்கே மேய்ந்தது, எப்போது அசைபோட்டது என்று யாருக்கும் கவலையில்லை. மாயாஜாலக் கதைப் புத்தகம் என்றால் முன்பக்கத்திலேயே வரைபடம் போட்டுவிடுகிறார்கள். வழியெல்லாம் தெரிந்துவிட்ட ஊரில் எனக்கு என்ன வேலை என்று அங்கேயே மூடி வைத்துவிடுவேன். "அம்மா, இதெல்லாம் வெளிய சொல்லிடாதீங்க" என்பாள் மகள். அவளுக்கு என்னால் வெட்கம்.

உங்களோடு கோவில்பட்டியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேனே, அதற்கு முந்திய கோடையில் நடந்தது இது. அதனால் உங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் பசுவந்தனைக்கு மேற்கே. எங்க அய்யா ஆடு வளர்த்தார். நான் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். பொட்டு ஆடுகள், வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்தது போல இருக்கும். அதற்கு முந்திய இரண்டு வருசமும் மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் வாய் பிளந்து கிடந்தது. வெடிப்புக்குள் காலை விட்டால் எனக்கு முழங்கால்வரை இறங்கும். உள்ளே மட்டும் மண் குளிர்ச்சியாக இருக்கும், அதற்காகவே காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கண்ணாடி வளையல், அய்யாவின் சுண்ணாம்பு டப்பி என்று அந்த வெடிப்பு விழுங்கிய சாமான்கள் நிறைய. புல் என்று ஒன்று கண்ணில் படவில்லை. உடைமரத்துக் காயை உலுக்கிப் போட்டுத்தான் ஆடுகள் உயிரைப் பிடித்திருந்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் பாதிப் பேர் ஆடுகளை அறுப்புக்கு லாரி ஏற்றிவிட்டார்கள். எங்கள் ஆடுகளும் போய்விட்டால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. அந்த வருசம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பயம் அதுதான்.

அப்போதுதான் சென்னையில் இருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். மேனேஜர் ஒருவர் ஊர்த் தலைவரிடம், "மனுஷன் காலே படாத பூமியா வேணும்" என்று சொன்னார். பக்கத்தில் நின்ற அய்யா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"அப்பம் நாங்க இம்புட்டு நாளும் எதுல நடந்தோம் அண்ணாச்சி?"

டைரக்டர் என்ற மனிதர் கறுப்புக் குடையும் கையுமாக ஒல்லியாக இருந்தார். அவர் குடையை மடக்கிவிட்டு எங்கள் நிலத்தில் உட்கார்ந்தார். வெடிப்புக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தார். "இதுதான் என் கிரகம்" என்றார். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் மண்ணைப் பார்த்து ஒருத்தர் அத்தனை சந்தோசப்பட்டதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அந்த நிமிசமே அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

பிறகு அவர் கண் ஆடுகள் மேல் விழுந்தது. அந்தக் கிரகத்து மிருகங்களாக அவை வேண்டும், ஆனால் நீலமாக வேண்டும் என்றார். சாயம் பூசிக்கொள்ளலாமா என்று கேட்டார். பதிலுக்குப் படம் எடுத்து முடிகிறவரை ஆடுகளுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, லாரித் தண்ணீர் எல்லாம் கம்பெனி பொறுப்பு. அய்யா முகம் எப்படி மாறியது என்பது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. உடனே தலையாட்டிவிட்டார்.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "தாயாடு மோந்து பாத்துதான மடியவே குடுக்கும். சாயத்தப் பூசிட்டா குட்டிய எப்பிடி அடையாளங் காணும்? பங்குனியில ஈனுன குட்டிகளப் பாத்தீரா, இன்னும் பால்குடி மறக்கல."

"ஏட்டி, அது எனக்குத் தெரியாதா? தாய்க்கும் குட்டிக்கும் ஒரே சாயத்தப் பூசிப்புட்டா எல்லாத்துக்கும் ஒரே வாடைதான. யாரு யார வெறுக்கப் போறா?"

அய்யா தெரியாமல் பேசுகிறவர் இல்லை. தாய் செத்த குட்டியை வேறொரு ஆடு ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அந்த ஆட்டின் பாலையே கறந்து குட்டி மேல் தடவிவிடுவார். தன் வாடை அடித்ததும் அது தன் குட்டி என்று நக்க ஆரம்பித்துவிடும். வாடையை வைத்து ஆட்டை ஏமாற்றுவதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவரை அன்றைக்கு ஏமாற்றியது.

காலையிலேயே டிரம்மில் நீலப் பொடியும் பசையும் கலக்கினார்கள். வார்னிஷ் போல ஒரு வாடை மூக்கைத் துளைத்தது. குட்டிகளுக்கும் பூசி, குடாப்பு என்கிற பெரிய கூடைக்குள் அடைத்தோம். தாய்களை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார் அய்யா. கறுப்பு மண், வெள்ளை வெயில், நடுவில் ஒரு வரிசை நீல ஆடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. நான் தினம் ஆட்டுப் புழுக்கை பொறுக்கிய இடம்தான் அது. எனக்கு அந்த இடம் தெரியவில்லை. ஏதோ ஒரு உலகத்துக்குள் வந்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை கோடி கொட்டி எடுத்த படமும் எனக்கு அந்தச் சிலிர்ப்பைத் திருப்பித் தரவில்லை. தெரிந்த இடமே தெரியாமல் போவதுதான் மாயாஜாலம் என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ராணி வேஷம் போட்ட அம்மாளைப் பற்றி ஊர்ப் பெண்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். "உள்ள போயி என்னத்தயோ குடிக்கா" என்று தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். வேனுக்குப் பின்னால் ஒரு டம்ளரில் இருந்து வெள்ளையாக எதையோ அவர் வெடிப்புக்குள் ஊற்றியதை நானே பார்த்தேன். பார்த்ததைச் சும்மா இருக்காமல் வந்து சொன்னேன். "பிள்ளைகளுக்கு ஒரு வாய் பாலு கெடைக்கல, மண்ணுல ஊத்துதா பாரு. என்னா திமிரு" என்றார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் நான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு கூசுகிறது.

உச்சி வெயிலில் குட்டிகளைத் திறந்துவிட்டோம். தாயும் குட்டியும் ஓடிச் சேரும் காட்சியை எடுப்பதாக ஏற்பாடு. குட்டிகள் ஓடின. தாய்கள் மோந்தன. மோந்த உடனே பின்வாங்கின. எல்லாவற்றுக்கும் ஒரே வாடைதான், அய்யா சொன்னது சரி. அது யாருடைய வாடையும் இல்லை என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை. ஒவ்வொரு தாயும் தன் குட்டியைத் தேடிக் கத்திக்கொண்டு, காலடியில் வந்த தன் குட்டியையே முட்டித் தள்ளியது. குட்டிகள் ஒரு மடியில் இருந்து இன்னொரு மடிக்கு ஓடி உதை வாங்கின. அத்தனையும் சேர்ந்து கத்திய கத்தல் எப்போதும்வென்றான் ஊர்வரை கேட்டிருக்கும். ஒரு பகல் பால் இல்லாவிட்டால் அந்த வெயிலில் குட்டிகள் தாங்காது. அய்யா நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

எனக்கென்று விட்ட பெட்டைக் குட்டி ஒன்று உண்டு. அதன் தாய் முட்டிய முட்டில் அது உருண்டு போய் ராணியம்மாள் காலடியில் விழுந்தது. அந்தக் காட்சியில் அவருக்கு வேலையே இல்லை, ஓரமாக நிழலில் இருந்தவர் கத்தலைக் கேட்டுத்தான் எழுந்து வந்திருந்தார். குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டு அந்தச் சுடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். வெள்ளி பூசிய முகத்தில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது. நெஞ்சுப் பக்கம் உடுப்பு நனைந்துகொண்டே வந்தது. கேமராக்காரர் திரும்பிப் பார்க்க, நிறுத்தாதே என்று டைரக்டர் கையைக் காட்டினார்.

நிறுத்தியது அம்மாதான். தோளில் கிடந்த துண்டோடு நேரே கேமராவுக்கு முன்னால் நடந்து போனாள். "இதப் போத்திக்கிடும்மா, வெயிலு" என்று துண்டை அந்த அம்மாள் மேல் போட்டாள். காதோடு காதாக என்னமோ கேட்டாள். ராணியம்மாள் நாலு விரலைக் காட்டினார். இன்னும் நாலு நாள் ஷூட்டிங் இருக்கிறதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா நடித்த ஒரே காட்சி அது. அதைப் படத்தில் வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை. சாயத்தைக் கழுவ, ராணியம்மாள் குளிக்க வைத்திருந்த டிரம் தண்ணீர் முதலில் வந்தது, அதை உருட்டச் சொன்னவர் அவர்தான். பிறகு லாரித் தண்ணீர். டைரக்டர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆடு தேய்த்தார். சாயம் முழுசாகப் போகவில்லை, பொட்டும் தெரியவில்லை, எல்லாம் ஒரே வெளிர் நீலம். எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று யாருக்கு விளங்கும்? அய்யா நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு குட்டியாக அவர் காதருகே கத்தவிட்டோம்.

"இது கொம்பு முறிஞ்சவ பிள்ள. அங்கன கொண்டு போ. இது மொடக்காலிட்ட."

ஒன்றுகூடத் தப்பவில்லை. அம்மா அந்தந்தத் தாயின் பாலைப் பீய்ச்சி அந்தந்தக் குட்டி மேல் தடவினாள். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாக நக்க ஆரம்பித்தன, மடி கொடுத்தன. தப்புச் செய்த மனிதர்தான் அய்யா. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவர் குட்டிகளைத் தாயிடம் சேர்த்ததைப் போல ஒரு வித்தையை எந்த மந்திரவாதி படத்திலும் நான் பார்த்ததில்லை. "என்னயச் செருப்பாலதான் அடிக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அதற்கு இல்லை என்றும் சொல்லவில்லை.

என் குட்டியின் தாய் மட்டும் கடைசிவரை சேர்க்கவில்லை. மூன்று தடவை கொண்டுபோய் விட்டோம், மூன்று தடவையும் முட்டியது. மற்ற தாய்களுக்குத் தங்கள் குட்டிகளுக்கே பால் பற்றவில்லை. "இது உசுரோட நிக்காது தாயி" என்று அய்யா என்னிடம் சொல்லிவிட்டார். நான் குட்டியைக் கட்டிக்கொண்டு வேன் நிழலில் போய் உட்கார்ந்து அழுதேன்.

வேன் கதவு திறந்தது. ராணியம்மாள் அந்த டம்ளரோடு இறங்கி வந்தார். மேலே கைக்குட்டை மூடியிருந்தது. இன்னொரு கையில் குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கு. குட்டி வாயை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சங்கில் ஊற்றி ஊற்றிப் புகட்டினார். முதலில் துப்பியது. அப்புறம் குடித்தது, வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது.

"இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டார்.

"பேரு வைக்கல. வித்துட்டா கஷ்டமாயிரும்னு அய்யா வைக்க விட மாட்டாவ."

சங்கை மறுபடி நிரப்பினார். "நானும் பேர் வைக்காமத்தான் விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார். எதை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. குட்டி குடிப்பதிலேயே என் கண் இருந்தது.

ஷூட்டிங் முடிகிறவரை நாளுக்கு மூன்று தடவை அந்த டம்ளர் வந்தது. கம்பெனி அவருக்கென்று தனியாகப் பால் வாங்கிக் கொடுக்கிறது என்று நான் நினைத்தேன், ஊரும் அப்படித்தான் நினைத்தது. அவர்கள் மூட்டை கட்டும்போது மிச்சமிருந்த பருத்திக்கொட்டையை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார் டைரக்டர். ராணியம்மாள் தன் கிரீடத்தில் இருந்த ஒரு தகர நட்சத்திரத்தைப் பிய்த்து என் கையில் வைத்தார். ஒரு வாரத்துக்குள் அதையும் வெடிப்பு விழுங்கிவிட்டது. குட்டி பிழைத்தது. அதற்குள் தழை கடிக்கப் பழகியிருந்தது, மழையும் பிந்தாமல் வந்தது. பின்னால் அது நாலு ஈத்து ஈன்றது.

படம் அடுத்த வருசம் கோவில்பட்டிக்கு வந்தது. மத்தியானக் காட்சிக்கு அய்யாவும் அம்மாவும் என்னைக் கூட்டிப் போனார்கள். உங்களில் பாதிப் பேர் அந்தக் கொட்டகையில் இருந்தீர்கள், விசில் அடித்தது யார் யார் என்றும் எனக்குத் தெரியும். ஆடு ஒரு காட்சியில் நல்ல நீலம், அடுத்த காட்சியில் வெளிர் நீலம். அதற்கென்று, "எங்கள் உலகில் காலைக்கு ஒரு நிறம், மாலைக்கு ஒரு நிறம்" என்று ராணிக்கு ஒரு வசனம் சேர்த்திருந்தார் டைரக்டர். நீங்கள் அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தீர்கள். எனக்கு இன்றும் பிடித்த வசனம் அது. இருந்ததை வைத்து ஒரு உலகத்தைச் செய்கிறவனுக்கு எல்லாம் இருக்கிறவனைவிட மூளை அதிகம் வேண்டும். ராணி மண்ணில் உட்கார்ந்து அழுத காட்சியில், "மேக்கப் கரையுதுலே" என்று ஒரு குரல் வந்தது. கொட்டகை அதிர்ந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். படம் நாலு நாளில் ஓடிப் போயிற்று.

போன வருசம் மகளுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். ஒரு நாள் சாயங்காலம் அவளை ஆபீஸில் இருந்து கூட்டிவந்து, வீட்டுக் கட்டடத்து லிஃப்டில் இருவரும் ஏறினோம். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று லிஃப்டுக்குள் பசியில் வீறிட்டது. மகள் சட்டென்று துப்பட்டாவை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். உடுப்பு நனைந்திருந்தது. "எந்தக் குழந்தை அழுதாலும் இப்படி ஆயிடுதும்மா" என்றாள். ஆபீஸில் மூன்று தடவை கதவைச் சாத்திக்கொண்டு பாலை எடுத்துக் கொட்டுகிறாளாம், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வருமாம். அன்றைக்கு ராணியம்மாள் அம்மாவிடம் காட்டிய நாலு விரல் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைச் செல்போனில் முழுசாகப் பார்த்தாள். ராணி அழும் இடம் வந்ததும் நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்த்தாள். "அம்மா, இதை வெளிய சொல்லுங்க" என்றாள்.

அதனால்தான் சொல்கிறேன். அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருப்பது டீக் கறை இல்லை. கண்ணுக்கு எட்டாத கிரகத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ படம் எடுத்துவிட்டார்கள். அவற்றில் எதிலும் இப்படி ஒன்று வந்து விழவில்லை. சென்னையில் பேர் வைக்காமல் விட்டுவந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயசிருக்கும். நம்மைப் போலவே ஏதாவது ஒரு குரூப்பில் இருந்துகொண்டு, இந்த வீடியோவுக்கு ஒரு மஞ்சள் மூஞ்சி போட்டிருக்கலாம். போடட்டும், அதற்கு உரிமை உண்டு. அது குடித்திருக்க வேண்டிய பாலைத்தான் என் குட்டி குடித்தது.